பத்து ரூபாய் அதிகாரம், நூறு ரூபாய் சம்மதம்

இன்னிக்கு எபிசோட் ரெண்டு எண்களில் இருந்து ஆரம்பிக்குது. 10, 100.

1816-ல மெட்ராஸ் மாகாணத்துக்கு ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் வந்துச்சு. அந்த வருஷத்தோட நாலாவது சட்டம். ஊருக்குத் தலைமையா இருக்கிறவர், அதாவது மணியக்காரர், இனிமே 'கிராம முன்சீப்'னு அது சொல்லுது. பத்து ரூபாய் வரைக்குமான பண வழக்கை அவரே விசாரிச்சு தீர்ப்பு சொல்லலாம். அதைத் தாண்டினா மேல இருக்கிற கோர்ட்டுக்குப் போகணும். ஆனா அதே சட்டத்துல இன்னொரு ஏற்பாடும் இருக்கு. சண்டை போடுற ரெண்டு பேருமே 'இவர் நடுவரா இருந்து சொல்லட்டும், நாங்க கட்டுப்படுறோம்'னு ஒத்துக்கிட்டா, அதே மணியக்காரர் நூறு ரூபாய் வரைக்கும் தீர்க்கலாம்.

யோசிச்சுப் பாருங்க. ஆள் அதே ஆள். உட்கார்ந்திருக்கிற திண்ணை அதே திண்ணை. அவர் புதுசா எந்தப் பரீட்சையும் பாஸ் பண்ணலை. ஆனா அதிகாரம் பத்து மடங்கு ஏறிடுச்சு. ஏத்தினது கலெக்டரோ ஜட்ஜோ இல்லை. எதிர் எதிரா நிக்கிற ரெண்டு குடியானவங்களோட சம்மதம்.

இன்னிக்கு நாம பேசப் போறது கோர்ட்டுக்கு வெளியே வழக்கு தீர்க்கிற முறைகளைப் பத்தி. ஆர்பிட்ரேஷன், மீடியேஷன், லோக் அதாலத், இப்போ புதுசா ஆன்லைன் தீர்வு. ஒவ்வொரு தடவையும் 'இதோ ஒரு புது கண்டுபிடிப்பு'ன்னு தான் இதெல்லாம் வந்துச்சு. நான் கேக்கப் போறது ஒரே கேள்வி: அந்த சம்மதத்தை யார் கிட்ட, எப்போ வாங்குறாங்க? சண்டை வந்ததுக்கு அப்புறமா? சண்டை வர்றதுக்கு முன்னாடியேவா? இல்லை, வாங்குறதே இல்லையா?

முதல்ல வார்த்தைகளைத் தெளிவு பண்ணிக்கலாம். ஆர்பிட்ரேஷன்னா ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்ட ஒரு நடுவர் தீர்ப்பு சொல்வார், அதுக்குக் கட்டுப்படணும். மீடியேஷன்னா நடுவுல இருக்கிறவர் தீர்ப்பே சொல்ல மாட்டார். பேச வைப்பார், முடிவு உங்களோடது. லோக் அதாலத், தமிழ்ல மக்கள் நீதிமன்றம், ரெண்டு பேரும் சமாதானம் ஆனா அதைப் பதிவு பண்ணி, கோர்ட் தீர்ப்புக்கு சமமா முத்திரை குத்தித் தர்ற இடம்.

இந்தக் கதையை நான் பெரம்பலூர், அரியலூரை வெச்சு சொல்றேன். எனக்கு சொந்த ஊர் அந்தப் பக்கம்ங்கிறது ஒரு காரணம். அதை விடப் பெரிய காரணம், அங்கே ஜெயங்கொண்டத்துல நடந்த ஒரு நிலக் கதை. அதுக்கு நடுவுல வர்றேன். அரியலூர்னதும் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போவேன்னு நினைச்சிருப்பீங்க. சோழர் காலத்து சபை, குடவோலை எல்லாம் இன்னொரு நாள். இன்னிக்கு கம்பெனி காலத்துல இருந்து போவோம்.

குதிரை மேல இருக்கிற மனுஷன்

சென்னையில தீவுத்திடல் பக்கம் போனவங்க மன்றோ சிலையைப் பார்த்திருப்பீங்க. குதிரை மேல உட்கார்ந்திருப்பார், கால் வைக்கிற அங்கவடி இருக்காது. அதைப் பத்தி மட்டும் ஆயிரம் கதை சொல்வாங்க. அந்த தாமஸ் மன்றோதான் 1816 சட்டங்களுக்குப் பின்னாடி இருந்தவர்.

1801-ல கர்நாடக நவாப் கிட்ட இருந்து ஆட்சி முழுசா கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்துச்சு. திருச்சிராப்பள்ளியும், அதோட சேர்ந்த அரியலூர், உடையார்பாளையம் பாளையங்களும் அதுல அடக்கம். இன்னிக்கு பெரம்பலூர், அரியலூர்னு ரெண்டு மாவட்டமா இருக்கிற பகுதி 1995 வரைக்கும் திருச்சி மாவட்டமாதான் இருந்துச்சு. 1802-ல இருந்து கம்பெனி, வங்காளத்துல பண்ணின மாதிரியே இங்கேயும் ஜில்லா கோர்ட்டுகளைத் திறந்தது. வெள்ளைக்கார ஜட்ஜ், எழுத்து நடைமுறை, கட்டணம், அப்பீலுக்கு மேல அப்பீல். ஏர் ஓட்டுற ஒரு ஆள் வாய்க்கால் தகராறுக்கோ கொடுத்த கடனுக்கோ நாள் கணக்கா நடந்து போய் ஜில்லா தலைநகர்ல காத்துக் கிடக்கணும். வழக்குகள் குவிஞ்சது.

மன்றோ பல வருஷம் ஜில்லா ஜில்லாவா வரி வசூல் வேலை பார்த்தவர். இந்தக் கோர்ட் முறை இங்கே ஒட்டாதுன்னு லண்டன்ல வாதாடினார். 1814-ல ஒரு கமிஷனுக்குத் தலைவரா மெட்ராஸ் திரும்பி வந்தார். ரெண்டு வருஷத்துல சட்டங்கள் வரிசையா வந்துச்சு. நாலாவது, கிராம முன்சீப். அஞ்சாவது, கிராமப் பஞ்சாயத்து. ஆறாவது, மாவட்ட முன்சீப். ஏழாவது, மாவட்டப் பஞ்சாயத்து.

இதுல அஞ்சாவதுதான் ரொம்ப சுவாரஸ்யம். ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா, கிராமப் பஞ்சாயத்து எவ்வளவு பெரிய தொகை வழக்கையும் தீர்க்கலாம். வரம்பே இல்லை. நம்ம பாஷையில சொன்னா, சம்மதம்ங்கிற ஒரே ஒரு கண்டிஷன் ட்ரூ ஆனா லிமிட்டையே தூக்கிடுறாங்க.

அந்தக் காலத்து வழக்கு மன்றங்கள்ல புழங்கின ஒரு வார்த்தையையும் சொல்லணும். ராஜிநாமா. நமக்கு இன்னிக்கு அது வேலையை விடுற கடிதம். மூலம் பாரசீகம்: 'ராஜி'ன்னா சம்மதம், 'நாமா'ன்னா பத்திரம். அப்போ ராஜிநாமான்னா ரெண்டு தரப்பும் சமாதானம் ஆகி எழுதிக் கொடுக்கிற பத்திரம். இன்னிக்கும் ஊர்ப்பக்கம் 'கேஸ் ராஜி ஆயிடுச்சு'ன்னு சொல்றாங்களே, அது அதே வார்த்தைதான். அதே மாதிரி முச்சலிக்கா. பஞ்சாயத்து உட்கார்றதுக்கு முன்னாடியே 'சொல்ற முடிவுக்குக் கட்டுப்படுவோம்'னு எழுதி வாங்கிக்கிறது. வார்த்தைகளே சொல்லிடுது, இந்த முறையோட அடித்தளம் என்னன்னு.

ஏன் ஓடலை?

சரி, இவ்வளவு அழகா யோசிச்ச விஷயம் ஓடுச்சா? இல்லை. அடுத்தடுத்த பத்தாண்டுகள்ல பஞ்சாயத்துக்கு வந்த வழக்குகள் சொற்பம். மக்கள் போய்க் குவிஞ்சது மாவட்ட முன்சீப் கோர்ட்டுகள்லதான். மன்றோ எந்தக் கோர்ட்டை மக்கள் வெறுக்கிறாங்கன்னு நினைச்சாரோ, அதோட சின்ன வடிவத்தைத்தான் மக்கள் தேர்ந்தெடுத்தாங்க.

காரணம் பல. பஞ்சாயத்துல உட்கார்றவங்களுக்கு சம்பளம் கிடையாது. அறுவடை நேரத்துல அடுத்தவன் வீட்டு சண்டைக்கு மூணு நாள் உட்கார யாருக்கு மனசு வரும்? ஒரு தரப்பு வராம இழுத்தடிச்சா பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. மாவட்ட முன்சீப் தீர்ப்புன்னா ஜப்தி வரும், ஆள் பயப்படுவான்.

இன்னொரு காரணம், அதைவிட ஆழமானது. பஞ்சாயத்துல யார் உட்கார்ந்தாங்க? நிலம் வெச்சிருந்தவங்க, மேல்சாதிக்காரங்க. கூலி வேலை பார்க்கிற ஒரு ஆளுக்கும் அவரோட நிலக்காரருக்கும் தகராறு வந்து, நிலக்காரரோட பங்காளிங்களே பஞ்சாயத்துல உட்கார்ந்திருந்தா, அங்கே 'சம்மதம்'னு சொல்றதுக்கு என்ன அர்த்தம்? வேண்டாம்னு எழுந்து போக முடியாத இடத்துல தலையாட்டுறது சம்மதம் ஆகுமா?

1948 நவம்பர்ல அரசியல் நிர்ணய சபையில அம்பேத்கர் கிராமத்தைப் பத்தி அவ்வளவு கடுமையாப் பேசினதுக்கு இதுதான் பின்னணி. கிராமத்தை லட்சிய உலகமா வர்ணிச்சவங்களுக்கு அவர் எதிர்ப்பக்கம் நின்னார். நம்ம ஊர்ல இதோட அழுகின வடிவத்துக்கு ஒரு பேரே இருக்கு, கட்டப்பஞ்சாயத்து. 2011-ல தமிழ்நாட்டில் இருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்குல உச்ச நீதிமன்றம், வடக்கே காப் பஞ்சாயத்தும் தமிழ்நாட்டுல கட்டப்பஞ்சாயத்தும் முழுக்க சட்டவிரோதம், ஒடுக்கணும்னு சொல்லிடுச்சு.

கிராம முன்சீப்ங்கிற பதவி மட்டும் ரொம்ப நாள் தாக்குப் பிடிச்சது. 1980-ல எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை கிராம அதிகாரிகள் பதவியை ஒழிச்சப்போ அதுவும் போச்சு. அந்த இடத்துக்கு வந்தவர்தான் வி.ஏ.ஓ. பழைய படங்கள்ல மீசை முறுக்கிட்டு 'முன்சீப்' வருவாரே, அவரோட கதை இதுதான்.

ஆக 1816-க்கு ரெண்டு ஓட்டை. ஒண்ணு, சம்மதம் இருந்தா முடிவுக்குப் பல் இல்லை. ரெண்டு, சம்மதம் உண்மையான சம்மதமான்னு பார்க்க ஆள் இல்லை. அடுத்த இருநூறு வருஷத்துல வந்த எல்லா 'புதுமை'யும் இந்த ரெண்டுல ஒண்ணை அடைக்கப் பார்த்ததுதான்.

பல் முளைச்ச சமாதானம்

நடுவுல கொஞ்சம் வேகமாப் போயிடறேன். 1899-ல ஒரு ஆர்பிட்ரேஷன் சட்டம் வந்துச்சு, கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ்னு வியாபார நகரங்களுக்காக. 1940-ல நாடு முழுக்க ஒரு சட்டம். நடுவர் தீர்ப்பு சொன்ன பிறகும் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போய் இழுக்கிற அளவுக்கு அதுல சந்து பொந்து இருந்துச்சு. ஐ.நா. தயாரிச்ச மாதிரிச் சட்டத்தை வெச்சு 1996-ல புதுசா எழுதினாங்க. இதெல்லாம் பெரும்பாலும் கம்பெனிகளோட உலகம்.

சாதாரண மக்களுக்கு வந்த மாற்றம் 1982-ல. குஜராத்தோட ஜூனாகத் மாவட்டத்துல ஊனா அப்படிங்கிற ஊர்ல முதல் லோக் அதாலத். அப்புறம் 1987-ல சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம். அமலுக்கு வந்தது 1995 நவம்பர் 9. பெரம்பலூர் தனி மாவட்டமானதும் அதே மாசம்தான், சும்மா ஒரு தற்செயல்.

இந்தச் சட்டத்தோட 21-வது பிரிவுதான் முக்கியம். மக்கள் நீதிமன்றத்துல முடிஞ்ச சமாதானம் சிவில் கோர்ட் தீர்ப்புக்கு சமம். அப்பீல் கிடையாது. கட்டின கோர்ட் கட்டணம் திரும்ப வரும். மன்றோ பஞ்சாயத்துக்கு இல்லாத பல், இங்கே முளைச்சிடுச்சு. 2008-ல ஜலோர் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு கோடும் போட்டது: மக்கள் நீதிமன்றம் தானா ஒரு தீர்ப்பு எழுத முடியாது, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டதைப் பதிவு பண்ண மட்டும்தான் முடியும். ஒத்துக்கலைன்னா கட்டு அப்படியே கோர்ட்டுக்குத் திரும்பிப் போகணும். எழுந்து போற உரிமை இருக்கு. அதனாலதான் அங்கே உட்கார்றதுக்கு மதிப்பு.

அடுத்த அத்தியாயத்துல தமிழ்நாடு முன்வரிசை. 2002-ல சிவில் நடைமுறைச் சட்டத்துல 89-வது பிரிவு வந்துச்சு, வழக்கை ஜட்ஜே மத்தியஸ்தத்துக்கு அனுப்பலாம்னு. அந்த நேரத்துல வந்த சட்டத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது யாருன்னு நினைக்கிறீங்க? சேலம் வழக்கறிஞர் சங்கம். 2005-ல வந்த தீர்ப்பு திருத்தங்களை ஏத்துக்கிட்டு, 89-வது பிரிவு நடைமுறையில எப்படி ஓடணும்னு வழி காட்டுச்சு. அதே வருஷம் ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துலேயே ஒரு சமரச மையம் திறந்தாங்க. நீதிமன்றத்தோட இணைஞ்ச மத்தியஸ்த மையம்ங்கிறதுல இந்தியாவுக்கே அது முன்னோடி. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதுக்குப் பெரிய தூண். அப்புறம் மாவட்டம் மாவட்டமா அந்த மையங்கள் பரவுச்சு.

2021-ல இன்னொரு சின்ன, ஆனா அழகான முடிவு. சென்னை உயர் நீதிமன்றத்துல இருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு: கோர்ட் அனுப்பாம, கட்சிக்காரங்க தாங்களா வெளியே பேசி முடிச்சாலும் கோர்ட் கட்டணத்தைத் திருப்பித் தரணும். டீக்கடையில பேசி முடிச்சாலும் சமாதானம் சமாதானம்தானே. ஊர்ல சொல்வாங்க, கோர்ட்ல தோத்தவன் அங்கேயே அழுவான், ஜெயிச்சவன் வீட்டுக்கு வந்து அழுவான்னு. ரெண்டு பேரும் அழாம இருக்க ஒரு வழி இருந்தா, அதுக்கு அரசாங்கம் காசையாவது திருப்பித் தரணும்ல.

ஜெயங்கொண்டம்

இப்போ நான் சொன்ன நிலக் கதை. இது சம்மதமே இல்லாத கதை.

ஜெயங்கொண்டம் பக்கம் பூமிக்கு அடியில பழுப்பு நிலக்கரி இருக்கு. அதை எடுத்து மின்சாரம் தயாரிக்கிறதுக்கு 1990-கள்ல ஒரு திட்டம் போட்டாங்க. அந்தப் பத்தாண்டோட பிற்பகுதியில சுத்துப்பட்டு கிராமங்கள்ல 8,000 ஏக்கருக்கு மேல பட்டா நிலத்தைக் கையகப்படுத்துனாங்க. அடிச்சட்டம் 1894-ல வெள்ளைக்காரன் போட்ட நிலமெடுப்புச் சட்டம்.

அந்தச் சட்டம் எப்படி ஓடும்னு பாருங்க. நாலாவது பிரிவுல ஒரு அறிவிப்பு வரும், உங்க நிலம் பொதுக் காரியத்துக்குத் தேவைன்னு. ஆட்சேபம் சொல்லலாம், கேட்டுக்குவாங்க. அப்புறம் பதினொண்ணாவது பிரிவுல கலெக்டர் ஒரு தொகையை நிர்ணயிப்பார். அதுக்கு சட்டத்துல பேர் 'அவார்டு'. ஆர்பிட்ரேஷன்ல நடுவர் சொல்ற முடிவுக்கும் ஆங்கிலத்துல அதே பேர்தான்! ஆனா இங்கே நிலத்தை எடுக்கிறதும் அரசாங்கம், விலை சொல்றதும் அரசாங்கத்தோட அதிகாரி. 1905-லேயே பிரிவி கவுன்சில் இதை உடைச்சு சொல்லிடுச்சு: கலெக்டர் அவார்டுங்கிறது தீர்ப்பு இல்லை, அரசு முன்வைக்கிற ஒரு விலை, அவ்வளவுதான். பேர் நடுவர் தீர்ப்பு, உள்ளே நடுவரே இல்லை.

விலை பத்தலைன்னா 18-வது பிரிவுல 'கோர்ட்டுக்கு அனுப்புங்க'ன்னு கேக்கலாம். ஜெயங்கொண்டம் விவசாயிங்க கேட்டாங்க. ஆயிரக்கணக்கான வழக்கு. அதுக்காகவே ஜெயங்கொண்டத்துல தனி சார்பு நீதிமன்றங்கள் உட்கார்ற நிலைமை. கவனிங்க, அங்கே கேக்க முடிஞ்சது 'எவ்வளவு'ங்கிற கேள்வி மட்டும்தான். 'எடுக்கலாமா'ங்கிறது மேசைக்கே வரலை. எந்த மத்தியஸ்தரைக் கொண்டு வந்து உட்கார வெச்சாலும் அவரால அந்த ரெண்டாவது கேள்வியைத் தொட முடியாது.

இதுக்கு நடுவுலயும் ஒரு நல்ல கண்டுபிடிப்பு இருக்கு, அதைச் சொல்லாம விட முடியாது. 1984 திருத்தத்துல வந்த 28-ஏ பிரிவு. ஒரே அறிவிப்புல நிலம் போன நூறு பேர்ல, படிச்சவர், வக்கீல் வைக்க முடிஞ்சவர் ஒருத்தர் மட்டும் கோர்ட்டுக்குப் போய் விலையைக் கூட்டி வாங்கிட்டார்னு வெச்சுக்கோங்க. 18-வது பிரிவுல மனு போடாத மிச்ச தொண்ணூத்தொன்பது பேரும், அந்தத் தீர்ப்பு வந்த மூணு மாசத்துக்குள்ள கலெக்டர் கிட்ட ஒரு மனு கொடுத்து அதே அடிப்படையில கூடுதல் தொகை கேக்கலாம். கோர்ட் கட்டணம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவங்களை மனசுல வெச்சு எழுதின பிரிவு அது. டெக்னாலஜி எதுவும் இல்லாம, ஒரு பத்தியில செஞ்ச புதுமை. ஆனா அந்த மூணு மாசக் கெடு தெரியாமலேயே தவறவிட்டா, அவ்வளவுதான்.

கடைசியில என்ன ஆச்சு? சுரங்கம் வரலை. மின் நிலையம் வரலை. சுமார் கால் நூற்றாண்டு கழிச்சு, திட்டத்தைக் கைவிட்டு நிலத்தை உரியவங்க கிட்டயே திருப்பித் தர்றதுன்னு தமிழ்நாடு அரசு முடிவெடுத்துச்சு. நிலம் எடுத்தப்போ நாற்பது வயசுல இருந்த ஒருத்தருக்கு அதுக்குள்ள அறுபத்தஞ்சு. இடைப்பட்ட காலம் முழுக்க அந்த நிலத்தை விக்கவும் முடியாம, அடமானம் வைக்கவும் முடியாம, 'இது என்னோடது'ன்னு தைரியமாச் சொல்லவும் முடியாம ஒரு தலைமுறை போயிடுச்சு. அந்தக் காலத்துக்கு எந்த அவார்டும் விலை போடலை.

2013-ல வந்த புது நிலமெடுப்புச் சட்டத்துல முதல் தடவையா சம்மதம் ஒரு எண்ணா உள்ளே வந்துச்சு. தனியார் கம்பெனிக்காக எடுத்தா பாதிக்கப்படுற குடும்பங்கள்ல 80 சதவீதம் ஒத்துக்கணும். அரசு-தனியார் கூட்டுன்னா 70. அரசே தன் திட்டத்துக்கு எடுத்தா, அந்த நிபந்தனை கிடையாது.

டிக் பண்ணின சம்மதம்

நான் சாஃப்ட்வேர் ஆள். 'ஐ அக்ரீ' பட்டனை ஸ்க்ரீன்ல வைக்கிற வேலை எங்களோடது. அதனால இந்தக் கடைசிப் பகுதி எனக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு.

ஆன்லைன்ல தகராறு தீர்க்கிறது புதுசு இல்லை. 1999-ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்து பேராசிரியர் ஈதன் காட்ஷும் அவர் குழுவும் ஈபே தளத்துல ஒரு சோதனை பண்ணாங்க. வாங்கினவர், வித்தவர், நடுவுல மின்னஞ்சல்ல ஒரு மத்தியஸ்தர். ரெண்டு வாரத்துல சுமார் 200 தகராறு. அங்கே இருந்து வளர்ந்து, பின்னாடி ஈபே வருஷத்துக்கு 6 கோடி தகராறு வரைக்கும் கையாண்டுச்சு, பெரும்பாலானது மனுஷன் கை படாமலேயே. இந்தியாவுல கொரோனா வந்த 2020-ல இணையவழி லோக் அதாலத் நடந்துச்சு. அதே வருஷம் ரிசர்வ் வங்கி, டிஜிட்டல் பேமென்ட் புகார்களுக்கு ஆன்லைன் தீர்வு வேணும்னு சொல்லுச்சு. யு.பி.ஐ.ல காசு போய் ஒட்டாம திரும்பி வந்தா நீங்க ஆப்லயே புகார் கொடுக்கிறீங்கல்ல, அந்த வரிசைதான். சின்னத் தொகைக்கு இது வரப்பிரசாதம்.

இப்போ வேற ஒரு காட்சி. பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம், பருத்தி போடுற ஒரு விவசாயி டிராக்டருக்குக் கடன் வாங்குறார்னு வெச்சுக்கோங்க. ஒப்பந்தம் முப்பது பக்கம், ஆங்கிலம். அதுல ஒரு வரி: தகராறு வந்தா ஆர்பிட்ரேஷன். நடுவரை நியமிக்கிறது கடன் கொடுத்த நிறுவனம். விசாரணை சென்னையிலயோ மும்பையிலயோ. மழை பொய்ச்சு ரெண்டு தவணை விட்டுப் போகுது. ஒரு நாள் வாட்ஸ்அப்ல ஒரு பி.டி.எஃப். வருது, விசாரணை வீடியோ கால்ல, லிங்க் இதுன்னு. அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கலை. அடுத்து வர்றது அவார்டு. அதை நேரா கோர்ட் தீர்ப்பு மாதிரியே அமல்படுத்தலாம்.

சட்டப்படி இவரும் 'சம்மதம்' சொன்னவர்தான். கையெழுத்து இருக்கே. ஆனா 1816-ல வாங்கின சம்மதத்துக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் பாருங்க. அங்கே சண்டை வந்தாச்சு, தொகை எவ்வளவுன்னு தெரியும், நடுவர் யாருன்னு முகம் தெரியும், அதுக்கு அப்புறம்தான் 'சரி'. இங்கே சண்டையே இல்லாதப்போ, யார்னே தெரியாத நடுவருக்கு, கடன் வேணும்ங்கிற அவசரத்துல ஒரு 'சரி'.

நீதிமன்றங்கள் இதைக் கவனிக்காம இல்லை. 2015 திருத்தத்துல 12-வது பிரிவோட ஐந்தாவது உட்பிரிவு வந்துச்சு. ஒரு தரப்போட தொடர்புள்ள ஆள் நடுவரா இருக்க முடியாது. இல்லை, பரவாயில்லை, அவரே இருக்கட்டும்னு ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கணும்னா, அதை எழுத்துல செய்யணும். அதுவும் எப்போ? தகராறு வந்ததுக்கு அப்புறம். எனக்கு அதைப் படிச்சப்போ மன்றோவோட நூறு ரூபாய் ஞாபகம்தான் வந்துச்சு. 2019-ல பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்குல, முடிவுல ஆதாயம் உள்ள தரப்பு தனி ஆளா நடுவரை நியமிக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. 2024 நவம்பர்ல ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசு ஒப்பந்தங்கள்ல ஒரே தரப்பு நடுவரை நியமிக்கிற ஷரத்து சமத்துவத்துக்கே எதிரானதுன்னு தீர்ப்பு கொடுத்துச்சு. சட்டம் சரியாத்தான் போகுது. ஆனா அந்த விவசாயிக்கு இது தெரிஞ்சு, ஒரு வக்கீலைப் பிடிச்சு, அவார்டு வந்த மூணு மாசத்துக்குள்ள அதை எதிர்த்து மனு போடணும். 28-ஏ மாதிரியே இங்கேயும் கெடுதான் ஆளை அடிக்குது.

மறுபடியும் பஞ்சாயத்து

2023-ல நாடாளுமன்றம் மத்தியஸ்தச் சட்டம்னு ஒண்ணு இயற்றுச்சு. அதுல 'சமூக மத்தியஸ்தம்'னு ஒரு அத்தியாயம் இருக்கு. ஒரு பகுதியில இருக்கிற மக்களோட அமைதியைக் கெடுக்கிற தகராறுகளை மூணு பேர் கொண்ட குழு பேசித் தீர்க்கலாம், ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா. படிக்கும்போதே 1816-ஓட அஞ்சாவது சட்டம் மாதிரி இருக்குல்ல?

ஆனா ஒரு வரி மாறியிருக்கு. அப்படி வர்ற சமாதானத்தை கோர்ட் தீர்ப்பு மாதிரி அமல்படுத்த முடியாதுன்னு சட்டமே சொல்லுது. பல்லை வேணும்னே பிடுங்கி வெச்சிருக்காங்க. ஏன்னு என் யூகம் இது: ஊர்ப் பெரியவங்க குழுவுக்குப் பல் கொடுத்தா அது யாரைக் கடிக்கும்னு நமக்கு அனுபவம் இருக்கு. 2023 அக்டோபர்ல இந்தச் சட்டத்தோட சில பிரிவுகளை மட்டும் அமலுக்குக் கொண்டு வந்தப்போ, இந்த அத்தியாயம் அதுல இல்லை.

என் பார்வை இதுதான். பல் வேணுமா வேண்டாமாங்கிறது ரெண்டாவது கேள்வி. முதல்ல சம்மதம் உண்மையான்னு பார்க்கணும். சண்டை வந்த பிறகு, நடுவர் யாருன்னு தெரிஞ்சு, வேண்டாம்னா எழுந்து போய் கோர்ட் கதவைத் தட்ட முடியும்ங்கிற நிலைமையில ஒருத்தர் 'சரி' சொன்னா, அந்த முடிவுக்கு எவ்வளவு பல் வேணாலும் கொடுக்கலாம். அது இல்லாத இடத்துல வேகம், ஆப், ஏ.ஐ. எல்லாம் பலசாலிக்குத்தான் இன்னும் வேகமா ஓடும். டிசைன் பண்ற நம்மள மாதிரி ஆளுங்க இதை நினைப்புல வெச்சுக்கணும். ஆர்பிட்ரேஷன் ஷரத்தை முப்பதாவது பக்கத்துல ஒளிச்சு வைக்காம, தகராறு வர்ற நேரத்துல தமிழ்ல ஒரு ஸ்க்ரீன் காட்டி, 'இவர் நடுவர், சரியா? வேண்டாம்னா இந்த வழி'ன்னு கேக்கிறது டெக்னிக்கலா ஒரு பெரிய வேலையே இல்லை.

போறதுக்கு முன்னாடி பயன்படுற ரெண்டு விஷயம். உங்க வீட்ல யாருக்காவது இழுத்துக்கிட்டு இருக்கிற சிவில் வழக்கோ, விபத்து இழப்பீடோ, பேங்க் கடன் தகராறோ இருந்தா, மாவட்டக் கோர்ட் வளாகத்துலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், தாலுகா அளவுலயும் இருக்கு. 15100-ங்கிற எண்ணுக்குக் கூப்பிட்டாலும் வழி சொல்வாங்க. மக்கள் நீதிமன்றத்துக்குக் கட்டணம் கிடையாது, பிடிக்கலைன்னா எழுந்து வந்துடலாம். ரெண்டாவது, ஊர்ல அப்பா அம்மா பேர்ல வாங்கின வண்டிக் கடன், டிராக்டர் கடன் பத்திரம் இருந்தா, அதுல ஆர்பிட்ரேஷன் பத்தின வரியை நீங்க ஒரு தடவை படிச்சுச் சொல்லுங்க. நடுவரை யார் நியமிக்கிறாங்க, எந்த ஊர்லன்னு மட்டும் பார்த்தாலே போதும்.

உங்க ஊர்ல கடைசி கிராம முன்சீப் யாரு, அவர் திண்ணையில என்ன வழக்கெல்லாம் தீர்ந்துச்சு, எது தீராம போச்சுன்னு வீட்டுப் பெரியவங்களுக்கு ஞாபகம் இருந்தா, கேட்டு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்லது கெட்டது ரெண்டையும் கேட்டு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.